பூட்டியபடி நின்ற கதவும் ஏழாம் கேள்வியும்

1. குசினி மேசையில் நிரப்பிய படிவம்

எரிந்த வீட்டை அள்ளத் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இரண்டு பக்கம், பதினாறு கேள்வி. அஸ்பெஸ்டஸ் சர்வே வந்ததா, கேஸும் கரண்டும் வெட்டியதற்குக் கடிதம் இருக்கிறதா, கவுன்சிலுக்கு டெமோலிஷன் நோட்டீஸ் போனதா, ரோட்டில் ஸ்கிப், குப்பை அள்ளிப் போடுகிற பெரிய இரும்புத் தொட்டி, வைக்கப் பெர்மிட் எடுத்தாயிற்றா. எல்லாம் கடதாசியைப் பார்த்து நிரப்பக்கூடியவை. ஏழாம் கேள்விக்கு மட்டும் கடதாசி கிடையாது, ஆளின் வாயைத்தான் நம்ப வேண்டும். தீப்பிடித்த நேரத்தில் இந்த வீட்டு வளவில் வசித்தவர்கள் எத்தனை பேர், எல்லோரும் வெளியேறியது உறுதியா?

அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை "நான்கு, ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக சைட் சூப்பர்வைசராக வருகிற பிள்ளைகள் படிவம் என்றால் டிக் போடுகிற வேலை என்று நினைக்கிறார்கள். நானும் இருபது வருடம் அப்படித்தான் நினைத்தேன், ஆனபடியால் அவர்களை ஏச எனக்கு உரிமை இல்லை.

என் பெயர் மரியதாஸ். ஊர் மன்னார். ஜெர்மனியில் ஒன்பது வருடம் கட்டடம் உடைத்தேன், பிறகு லண்டனுக்கு வந்தும் அதே வேலை. கட்டுகிறவனுக்கு மாலை, உடைக்கிறவனுக்குத் தூசி என்று என் மனுசி நெடுகச் சொல்லுவாள். முழங்கால் இரண்டும் மறுத்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் வெயில் அடித்த அடியில் லண்டன் புல்லெல்லாம் வைக்கோலாகிப் போனது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரிலிருந்து இன்னும் கிழக்கே போய், நகரம் முடிந்து வயல்வெளி தொடங்குகிற விளிம்பில் ஒரு சின்ன ஒழுங்கை, குறுகலான தெரு. ஒரு மத்தியானம் வயலில் பிடித்த புல்தீ காற்றோடு வந்து அந்த ஒழுங்கையில் நாலு வீடுகளைத் தின்றுவிட்டது. அதில் ஒன்று ரட்ணம் அண்ணையுடையது. அவரை எனக்கு முன்பின் தெரியாது. ஊர் யாழ்ப்பாணம், என்னைவிட நாலைந்து வயது மூப்பு. மனைவி வசந்தி அக்கா, இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் யூனிவர்சிட்டி. இன்சூரன்ஸ்காரர் அவர்களைப் பார்க்கிங்கில் ஒரு வாடகை ஃபிளாட்டில் தற்காலிகமாக இருத்தியிருந்தார்கள்.

அந்த ஃபிளாட்டின் குசினியில், அடுப்படிக்குப் பக்கத்து மேசையில்தான் படிவத்தை நிரப்பினேன். தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. ஏழாம் கேள்விக்கு வந்ததும் கேட்டேன்.

"எத்தனை பேர் அண்ணை இருந்தனீங்கள்?"

ரட்ணம் அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தா.

"நாங்கள் நாலு பேர்தான் தம்பி. வேற ஆர்?"

வெள்ளைக்காரர் வீடென்றால் இதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டிருப்பேன். விருந்தாளி யாராவது? வாடகைக்கு இருக்கிற லொட்ஜர்? தோட்டத்துக் கொட்டிலில் யாரும் படுப்பதுண்டா? கேட்பது என் வேலை. ஆனால் எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்க வாய் வருவதில்லை. விசா இல்லாத ஆட்கள் எத்தனை பேர் இந்த நகரத்தில் யாருடைய பின்வளவில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் கேட்பதில்லை. கேட்டால் அந்த மனிசர் பொய் சொல்ல வேண்டி வரும், அது அவருக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை. இதை நான் பண்பு என்று நினைத்திருந்தேன்.

"எல்லாரும் வெளியில வந்திட்டீங்கள்தானே?"

"ஓம், ஓம். எழுதும்."

எழுதினேன். ரோல்ஸ் நல்ல ருசி.

2. சுவர் இல்லாத கதவு

கவுன்சிலில் இருந்து பதில் வந்து, கடிதமெல்லாம் கைக்குக் கிடைத்து, நாங்கள் உள்ளே இறங்கும்போது ஒக்டோபர் முடியப் போகிறது. காலையில் புகார், பனிமூட்டம், கால் தெரியாமல் மூடியிருக்கும். வயல் முழுக்கக் கறுப்பு. கறுப்பு நிலத்தில் வெள்ளைப் புகார் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குருவிச் சத்தம் ஒன்று கிடையாது.

வீட்டில் மிஞ்சியது புகைபோக்கியும் படிக்கட்டின் நாலு படியும். வேலை மூன்று பேருக்கு. மெஷின் ஓட்டுவது டேவ், கென்ட் பக்கத்து ஆள், நல்ல மனிசன், சந்தேகமே படமாட்டான். கையால் பொறுக்குவது நானும் நிமலனும். நிமலன் பாரிஸிலிருந்து வந்தவன். எதைச் சொன்னாலும் "பாரிஸில இப்பிடி இல்லை அண்ணை" என்பான். அப்ப அங்கேயே இருந்திருக்கலாமே என்று நானும் நாளுக்கு நாலுதரம் சொல்லுவேன்.

அஸ்பெஸ்டஸ் கூரை நெருப்பில் வெடித்துத் துண்டு துண்டாகச் சாம்பலில் கலந்து கிடக்கும். மெஷின் தொடமுன் அதைத் தண்ணீர் தெளித்து நனைத்து, கையால் பொறுக்கிப் பையில் கட்ட வேண்டும். வெள்ளை உடுப்பு, முகம் மூடிய மாஸ்க். மாஸ்க் போட்டால் கதைக்க ஏலாது, சைகைதான். தண்ணீர் தெளிக்கிற பம்ப் நின்றுவிட்டால் உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே பக்கத்தில் வேறு யாரோ விடுவதுபோலக் கேட்கும்.

பின்வளவின் கோடியில், வயல் வேலியை ஒட்டி ஒரு கொட்டில் இருந்த இடம். மரச்சுவரெல்லாம் எரிந்து, கூரை நொறுங்கி முழங்கால் உயரத்துக்கு மேடாகக் கிடந்தது. அதன் கதவு மட்டும் நின்றது. இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த கதவு, கொங்கிரீட்டில் ஊன்றியது. இடப்பக்கம் சுவர் இல்லை, வலப்பக்கம் சுவர் இல்லை. நடுவில் கதவு மாத்திரம் பூட்டியபடி. கொண்டியில் ஒரு பெரிய ஆமைப்பூட்டு தொங்கியது.

முதல் நாள் நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். குறிப்பில் "ஸ்டோர்" என்று எழுதினேன். தீயணைப்புக்காரரின் தாளிலும் அப்படித்தான் இருந்தது. சொந்தக்காரர் அப்படித்தானே சொல்லியிருந்தார்.

காற்று வந்தால் அந்தத் தகரம் சட்டத்தில் அடிக்கும். டொக், டொக், டொக். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். திரும்பவும் மூன்று.

"யாரோ வீட்டில் இருக்கிறார்கள் போல" என்று டேவ் பகிடி விட்டான். நிமலன் சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் கேட்டான்.

"அண்ணை, நீங்கள் அந்தக் கதவுக்குப் பின்பக்கம் போனனீங்களோ?"

"இல்லை. ஏன்?"

"சுத்திப் போகலாம்தானே. சுவர்தான் இல்லையே. ஆனா நாங்கள் மூண்டு பேரும் ரெண்டு நாளா அதுக்கு முன்னால வந்து திரும்பிப் போறம்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். பூட்டிய கதவு என்றால் கால் தானாகத் திரும்புகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. "பேய்க்கதை பேசாமல் சோத்தைத் தின்" என்றேன்.

பிடிக்காத இன்னொன்றும் இருந்தது. எரிந்த வீட்டுக்காரர்கள் வேலிக்கு வெளியே வந்து நின்று ஏதாவது கேட்பார்கள். அல்பம் கிடந்ததா, தாலிக்கொடி கிடந்ததா, பிள்ளையின் முதல் சப்பாத்து கிடந்ததா. கேட்காத ஆளை நான் கண்டதில்லை. ரட்ணம் அண்ணையும் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குக் காரில் வந்தார். வீட்டுப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. "பின்பக்கம் எப்ப அள்ளுறியள்?" என்று மட்டும் கேட்டார். அக்கா காரை விட்டு இறங்குவதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்தக் கதவையே பார்த்தபடி இருப்பா.

3. சோடி

மூன்றாம் நாள் கொட்டிலைப் பொறுக்கத் தொடங்கினோம். மறுநாள் காலை அஸ்பெஸ்டஸ் லொறி வரும், அதன் பிறகு டேவின் மெஷின் எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளும். அதுதான் திட்டம்.

பதினொரு மணி இருக்கும். நிமலன் பம்ப்பை நிறுத்தினான். மாஸ்க்கை விலக்கக் கூடாத இடத்தில் விலக்கினான்.

"அண்ணை. ஒருக்கா இஞ்ச வாங்கோ."

கதவுக்கு முன்னால், வலது பக்க மூலையில், கொங்கிரீட் படியில் இரண்டு இரும்புக் கிண்ணங்கள் போலக் கிடந்தன. சாம்பலைத் தண்ணீர் கழுவியதில் வெளியே வந்திருந்தன. நாங்கள் காலில் போட்டிருக்கிற அதே சாமான்தான், வேலைச் சப்பாத்தின் முன்பக்கத்து இரும்புத் தொப்பி. தோலும் அடியும் எரிந்து போய் இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், சோடியாக, முனை கதவைப் பார்த்தபடி.

டேவ் எட்டிப் பார்த்தான். பழைய பூட்ஸ், ஸ்கிராப் பையில் போடு என்றான். அவனில் பிழை இல்லை. அவன் வீட்டில் சப்பாத்தோடு கட்டிலில் ஏறிப் படுக்கிறவன்.

நிமலனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் ஆட்களின் வாசலில் சப்பாத்து சோடியாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் உள்ளே. யார் வீட்டுக்குப் போனாலும் மணி அடிக்கமுன் கீழே பார்த்து, இன்னார் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்கிற சனம் நாங்கள்.

"ஆள் உள்ளுக்கு" என்றான் நிமலன்.

"பூட்டு வெளியில" என்றேன் நான்.

இரண்டும் எப்படிச் சரியாகும்? சப்பாத்து உள்ளே இருக்கிறார் என்கிறது. பூட்டு ஒருவரும் இல்லை என்கிறது. வெளிப்படையாகச் சொல்கிறேன், முப்பது வருட வேலையில் அப்படிப் பயந்ததில்லை. அப்போதும் காற்று வந்து கதவைத் தட்டியது, மூன்று தரம். நிமலன் நெற்றியில் கைவைத்து முருகனைக் கூப்பிட்டான். நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

பிறகு, மூன்று நாளில் முதல்தரமாக, கதவைச் சுற்றிப் பின்னால் போனேன். நொறுங்கிய கூரைத் துண்டுகளுக்கு இடையில் கட்டில் ஸ்பிரிங் ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அலுமினியச் சட்டி, அரைவாசி உருகியது. ஸ்டோர் ரூமில் ஒருவரும் கட்டில் போட்டுச் சோறு காய்ச்சுவதில்லை. அந்த மேட்டை அதுவரை ஒருவரும் கிளறவில்லை. நாளைக்கு லொறி வந்திருந்தால் கிளறாமலே குப்பைக்குப் போயிருக்கும், என் கையெழுத்தோடு.

"ஒண்டையும் தொடாதே" என்றேன். "டேவ், மெஷினை நிப்பாட்டிச் சாவியை எடு. வேலை நிப்பாட்டு."

4. கைப்பையில் இருந்த திறப்பு

வேலிக்கு வெளியே கார் நின்றது. ரட்ணம் அண்ணை இறங்கி நின்றார். நாங்கள் மூன்று பேரும் கொட்டிலடியில் நிற்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெள்ளை உடுப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

"அண்ணை, அந்தக் கொட்டிலுக்கு முன்னால ஒரு சோடிச் சப்பாத்து கிடக்கு. ஆருடைய?"

"அது பழசு தம்பி. தோட்டத்துக்குப் போடுறது. அள்ளிக் கொட்டும்."

"கட்டில்?"

"பழைய கட்டில். தாஸ், இதைக் கிளறினால் இன்சூரன்ஸ்காரன் ஒண்டும் தரமாட்டான். எனக்கு இருக்கிறது இந்த வீடு ஒண்டுதான். எங்கட ஆள் எண்டுதானே உம்மை நம்பினது. கண்ணை மூடிக்கொண்டு அள்ளும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பூனை கண்ணை மூடினால் உலகம் இருளாது அண்ணை. உள்ளுக்கு ஆள் இருந்ததோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

கார்க் கதவு திறந்தது. இத்தனை நாளில் முதல்தரமாக அக்கா இறங்கினா.

"செல்வத்தின்ர சப்பாத்து" என்றா. "செல்வம் எண்டு ஒரு பிள்ளை. மூண்டு வருசமா அதிலதான் இருந்தவர். வெயார்ஹவுஸில இரவு ஷிப்ட். பகல்ல படுப்பார்."

"வசந்தி, பேசாமல் இரு."

"மூண்டு மாசமாப் பேசாமல்தான் இருக்கிறன்."

அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன். செல்வத்துக்கு விசா மறுத்துவிட்டார்கள், விலாசம் இல்லை, தபால் இல்லை. கொட்டிலில் ஆள் இருக்கிறது என்று யாரோ கவுன்சிலுக்கு எழுதிப்போட, அன்றைக்கு மத்தியானம் ஒபிசர் வந்து பார்ப்பதாகக் கடிதம் வந்திருந்தது. அப்படி யாரும் வருவதென்றால் வெளியில் பூட்டிவிடுவார்கள், ஸ்டோர் மாதிரித் தெரியும். செல்வம் உள்ளே சத்தம் போடாமல் படுத்திருப்பான். அவன்தான் அப்படிச் செய்யச் சொன்னவன்.

"நான்தான் பூட்டினது. வழமையாச் சப்பாத்தையும் எடுத்து உள்ளுக்கு வைக்கிறனான். அண்டைக்கு மறந்துபோனன்."

ஒபிசர் வரமுன் தீ வந்துவிட்டது. பொலிஸ்காரர் கதவில் அடித்து, காரில் ஏறு, ஏறு என்று கத்தியிருக்கிறார்கள். புகையில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணை பின்வளவுப் பக்கம் ஓடியதை அக்கா கண்டிருக்கிறா, அவர் திறந்துவிட்டார் என்று நினைத்தா. அவர் ஓடியது நாயை அவிழ்க்க. அக்கா பின்பக்கத்தால் வந்து ஏறியதை அண்ணை கண்டார், அவ திறந்துவிட்டா என்று நினைத்தார். கார் மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் கேட்டிருக்கிறார்கள்.

"திரும்பிப் போக விடேல்லை. றோட்டை மறிச்சுப்போட்டாங்கள்."

"மறிச்சவனிட்டச் சொன்னீங்களோ?"

அக்கா அண்ணையைப் பார்த்தா. அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "நாலு பேர், எல்லாரும் வந்திட்டம் எண்டு சொன்னன். அந்த நேரம் வாய் அப்பிடித்தான் சொல்லிச்சு. பிறகு எப்பிடி மாத்திறது? அவன்ர போனும் அண்டையில இருந்து அடிக்குதில்லை."

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு திறப்பை எடுத்துக் காட்டினா. ஆமைப்பூட்டின் சாவி, சின்னச் சிவப்பு நூல் கட்டியது. மூன்று மாதமாக அதைப் பையில் கொண்டு திரிந்திருக்கிறா. உள்ளங்கையில் நூலின் சாயம் ஊறியிருந்தது.

"இவர் உது தெரியாமலே போகட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் வாறார். நான் தெரிய வேணும் எண்டு வாறன்" என்றா. "தம்பி, அவர் உள்ளுக்கோ இல்லையோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. வீடு போனால் போகட்டும்."

அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாயில் நிறைய இருந்தது. திட்டவில்லை. நாலு என்று அவர் சொன்னார், ஆனால் எழுதியது நான். அவர் பொய் சொல்லக் கூடாது என்று கேட்காமல் விட்டவனும் நான்தான்.

5. சல்லடை

ஆபீசுக்கு போன் அடித்தேன். ஜூலி என்கிற மனுசிதான் எங்கள் கொன்ட்ராக்ட் மனேஜர். லொறி புக் பண்ணியாயிற்று, ஸ்கிப் பெர்மிட் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, என்ன விளையாட்டு என்று கேட்டாள். ஏழாம் கேள்விக்கு நான் எழுதியது பிழை என்றேன். பிறகு, பொலிஸைக் கூப்பிடு, வளவை விட்டு வெளியே வா, என்றாள். நல்ல மனுசி.

பொலிஸ்காரர் வந்து கொட்டில் இருந்த இடத்துக்கு மேலே கூடாரம் அடித்தார்கள். அவர்களுக்கும் வெள்ளை உடுப்பு, மாஸ்க். நாங்கள் செய்த அதே வேலையை, ஆனால் முழங்காலில் இருந்து, கரண்டி கரண்டியாக எடுத்துச் சல்லடையில் அரித்தார்கள். நாலு நாள். எங்களை வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருந்தபோதும் நானும் நிமலனும் ஒவ்வொரு நாளும் போய் எங்கள் வேலை வண்டிக்குள் இருந்தோம். ஏன் போனோம் என்று கேட்டால் தெரியாது. செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க ஏலாதுதானே, அதுபோல.

முன்னால் அக்காவின் கார் நின்றது. அவ கண்ணாடியை இறக்கி வைத்திருந்தா.

சல்லடை அரிக்கிற சத்தம் மெல்லிசாகக் கேட்கும். அது நிற்கும்போதெல்லாம் நாங்கள் மூச்சை நிறுத்துவோம். திரும்ப அரிக்கத் தொடங்கும். ஒருமுறை நிறைய நேரம் நின்றது. நிமலன் என் கையைப் பிடித்தான். பிறகு பார்த்தால் அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள்.

நாலாம் நாள் பின்னேரம் தேடுதலுக்குப் பொறுப்பாய் இருந்த பொலிஸ் அம்மா வந்து கார்ப்பக்கம் குனிந்து சொன்னா. உள்ளே ஒருவரும் இல்லை. எலும்பு இல்லை, பல் இல்லை, ஒன்றும் இல்லை. வேலிக்கு அப்பால் வாய்க்காலில் ஒரு பலகை கிடந்ததாம், கொட்டிலின் பின்சுவர்ப் பலகை. ஈரத்தில் கிடந்தபடியால் அரைவாசிதான் எரிந்திருந்தது. ஆணியெல்லாம் வெளிப்பக்கமாகப் பிடுங்குப்பட்டிருந்தன. உள்ளிருந்து உதைத்த பலகை.

அக்கா காரை விட்டு இறங்கி அந்தக் கறுப்பு மண்ணிலேயே இருந்துவிட்டா.

ஆனால் வாய்க்காலுக்கு அப்பால் என்ன இருந்தது? எரிகிற வயல். அதற்குள் ஒரு மனிசன், காலில் சப்பாத்து இல்லாமல். வயலை நாய் கொண்டு தேடினார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒரு ஆள் வரவில்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றால் ஆள் எங்கே? செல்வத்தின் பெயரைக் காணாமல் போனவர் என்று பதிந்தார்கள். அந்த வீட்டு விலாசத்தோடு அவன் பெயர் எழுதப்பட்ட ஒரே கடதாசி அதுதான்.

அடுத்த கிழமை மிச்சத்தை அள்ளினோம். கதவைக் கடைசியாகத்தான் எடுத்தோம். டேவ் மெஷினால் தூக்கி ஸ்கிப்பில் வைத்தான், பூட்டியபடியே. டேவும் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

6. கழற்றாத சப்பாத்து

பார்க்கிங்கில் ஒரு கதை பரவ வைக்கோல் தேவையில்லை. தமிழ்க் கடைகளில் என்னைக் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். எங்கள் ஆளைக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர். சொல்லாமல் ஆள் வைத்திருந்தார்கள் என்று இன்சூரன்ஸ்காரர் கையை விரித்தது உண்மை. பிறகு இழுபறிப்பட்டு, பாதி மட்டில் ஒத்துக்கொண்டார்கள். அந்த வளவில் இப்போது முந்தியதைவிடச் சின்ன வீடு ஒன்று எழும்பியிருக்கிறது. பின்வளவு வெறும் புல்.

மாசி முடிந்து ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து சாப்பிட உட்காருகிறேன், மணி அடிக்கிறது. மனுசி போய்த் திறந்தாள்.

"தாஸ் அண்ணை வீடோ?"

நாற்பது, நாற்பத்தைந்து வயது, மெலிந்த ஆள். உள்ளே வரச் சொன்னாள். எங்கள் வாசலில் நாலைந்து சோடி கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமல் கார்ப்பெட்டில் நடந்து வந்து கதிரையில் இருந்தான். மனுசி என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.

"நான் செல்வம்" என்றான்.

நாலு நாள் சல்லடையில் தேடிய ஆள் என் கதிரையில் இருக்கிறான். கையைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. அப்படித் தொட்டது மரியாதை இல்லைத்தான். அவன் கையை இழுக்கவில்லை.

"சூட்டிலதான் முழிச்சனான்" என்றான். "கதவைத் தட்டினன், ஒருத்தரும் வரேல்லை. பிறகு பின்சுவரை உதைச்சன். வாய்க்காலுக்குள்ள விழுந்து, சேத்துக்குள்ளயே கிடந்தன். எல்லாம் எரிஞ்சு முடிய நடந்தன். நிலம் சூடு அண்ணை. கால் ரெண்டும் போச்சு."

தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், தெரிந்த பொடியன் ஒருவன் கூட்டிப்போய் வைத்திருந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, பெயர் கேட்பார்கள் என்ற பயம். ஐந்து மாதம் நடக்க ஏலாமல் கிடந்திருக்கிறான்.

எத்தனை தரம் தட்டினாய் என்று நான் கேட்கவில்லை.

"ரட்ணம் அண்ணையாக்களுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே தம்பி?"

"போன் எரிஞ்சு போச்சு. ஆனா அதுக்கில்லை. அவை தேடுவினம் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தன். நியூஸில போட்டது, அந்த ஒழுங்கையில எல்லாரும் பத்திரம், ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை எண்டு. பொடியன் வாசிச்சுக் காட்டினான். எல்லாரும் எண்டால் அப்ப நான் ஆர் எண்டு யோசிச்சன்."

மனுசி சோறு போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"பிறகு தமிழ்க்கடையில கதைச்சினம், ஆரோ ஒருத்தர் வேலையை நிப்பாட்டி நாலு நாள் தேட வச்சவராம் எண்டு. அதுதான் உயிரோட இருக்கிறன் எண்டு உங்களுக்குச் சொல்ல வந்தனான்." சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். "அண்ணை, என்ர சப்பாத்து கிடந்ததோ?"

"கிடந்தது."

"சோடியாவோ?"

"சோடியாத்தான்."

தலையை ஆட்டினான். சாப்பிட்டான். போகும்போது வாசலில் குனிந்து, அவிழாத நூலை இன்னொருதரம் இறுக்கிக் கட்டினான். மனுசியைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ அக்கா. இப்ப நான் கழட்டுறதில்லை. படுக்கேக்கயும் போட்டுக்கொண்டுதான்" என்றான்.

பொலிஸுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். ஒரு லோயரோடு போய்ச் சொன்னான், காணாமல் போனவர் பட்டியலில் இருந்து பெயர் எடுபட்டது. விசா வழக்கை அந்த லோயரே திரும்பப் போட்டிருக்கிறார். வசந்தி அக்காவுக்கு நான்தான் போன் எடுத்துச் சொன்னேன். பிறகு, "அவரைப் பாக்கலாமோ?" என்று கேட்டா. அவனைக் கேட்டேன். இப்ப வேண்டாம் அண்ணை என்றான். இன்றுவரை அப்படியேதான் நிற்கிறது.

7. ஓரத்தில் எழுதிய கேள்வி

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான் ஏழாம் கேள்வியை வேறு விதமாகக் கேட்டேன். முதலில் படிவத்தில் உள்ளபடி, எத்தனை பேர் இருந்தீர்கள். ஆள் கணக்கைக் கேட்டால் சனம் யோசித்துச் சொல்லும். எழுதிக்கொண்டு, தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, சும்மா கேட்பது போல அடுத்ததைக் கேட்பேன். உங்கள் வளவில், முன்னாலும் பின்னாலும், வழமையாக எத்தனை சோடிச் சப்பாத்து வெளியில் நிற்கும்? சப்பாத்துக்குப் பொய் சொல்ல ஒருவருக்கும் தோன்றுவதில்லை. இது எங்கள் ஆட்களிடம் மட்டும்தான் பலிக்கும் என்று ஜூலிக்குச் சொன்னேன். அப்படியென்றால் ஓரத்தில் எழுது என்றாள்.

கடைசியாக நிரப்பிய படிவம் குரொய்டன் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தினுடையது. வயல் இல்லை, குசினியில் பிடித்த நெருப்பு. வீட்டுக்காரர் நெருப்புக்குத் தப்பிய முன்னறையில் அன்பாக உட்கார வைத்து, பலகாரமும் தந்தார்.

"எத்தனை பேர் இருந்தனீங்கள்?"

"மூண்டு பேர்தான் அண்ணை."

எழுதினேன்.

"வாசல்ல எத்தனை சோடி நிக்கும்?"

"நாலு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பிப் பின்வளவுக்கு நடந்தேன்.